தடுமாறு காந்தம்

புதுப்பொருள் ஒன்று உலகில் தோன்றுந்தோறும் மொழிகள் யாவும் ஒரு சோதனைக்கு உட்படுகின்றன. அப்பொருளின் இயல்பை உணர்ந்து பெயரிட வல்ல மொழியை வாழும் மொழி என்கின்றோம். அயலார் இட்ட பெயரைப் பொருள் விளங்காமல் திருப்பிச் சொல்லும் மொழிக்குக் கிடைத்தது வெறும் ஒலியே. இதனை மேடையில் பொதுவாகக் கூறிக் கைதட்டுப் பெறுதல் எளிது. குறிப்பிட்ட ஒரு பொருளை எடுத்து, அதன் இயல்பை முற்றக் கேட்டறிந்து, அதற்கு ஏற்ற சொல் நம்மிடம் உண்டா என ஆராய்தலே அரிது. அவ்வரிய வேலையில் ஒரு சிறு பகுதியை ஈண்டுச் செய்து பார்க்க எண்ணுகின்றேன்.

காந்தப் பொருள்களுள் ஒருவகையினை இயற்பியலறிஞர் ஆங்கிலத்தில் ஒரு மனநோவின் பெயரால் அழைக்கின்றனர். எண்ணியது கைகூடாதவன் அடையும் சலிப்பைக் குறிக்கும் சொல் அது. பிரெஞ்சு அறிஞர் ஜெரார் துலூஸ் 1977ஆம் ஆண்டில் அதனை இப்பொருளிற் கையாண்டார். பின்னர் அது எங்கும் நிலைபெற்றுவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலும் பழைய மாணாக்கர் ஒருவர், இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று என்னைக் கேட்டார். பொருளை விளக்கினாலன்றிச் சொல் தர இயலாது என்றேன். அவர் பொறுமையுடன் விளக்கினார். அவ்விளக்கத்தையும், அதன்மேல் நான் படித்தறிந்தவற்றையும் முதலிற் கூறுகின்றேன். சொல்லாராய்ச்சி பின்னர் வரும்.

காந்தம் தமிழர்க்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில், காந்தத்தின் முன்னிலையில் இரும்பு இயங்குதலை உவமையாக்கினார். காந்தம் ஈர்க்கும், இரும்பு அசையும் என்ற அளவே அவ்வுவமைக்குப் போதும். இன்றைய அறிவியலோ இரும்பின் உள்ளே புகுந்து நோக்குகின்றது. அங்கே அணு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தமாய் நிற்கின்றது. இரும்பில் அயலிலுள்ள அணுக்காந்தங்கள் ஒரே திசையை நோக்க முற்படும். வேறு சில பொருள்களில் அயலவை ஒன்றற்கொன்று எதிர்த்திசையை நோக்க முற்படும். இவ்விரண்டாம் வகையிலேதான் நாம் கருதும் சிக்கல் எழுகின்றது.

மூன்று அணுக்கள் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் நிற்பதாகக் கொள்க. மேல், கீழ் என்னும் இரு திசைகளே அவற்றிற்கு உண்டு எனவும், ஒவ்வொன்றும் தன் அயலானுக்கு எதிரே நோக்க வேண்டும் எனவும் கொள்க. முதலாவது மேலே நோக்கினால் இரண்டாவது கீழே நோக்கும். மூன்றாவது எங்கே நோக்கும்? மேலே நோக்கினால் முதலாவதனோடு முரண். கீழே நோக்கினால் இரண்டாவதனோடு முரண். சதுரத்தின் நான்கு மூலைகளில் நின்றால் இந்த இடர் இல்லை. மேல், கீழ், மேல், கீழ் என ஒழுங்காக நின்றுவிடலாம். ஆகவே குற்றம் அணுவினுடையதன்று. அது நிற்கும் இடத்தின் வடிவத்தால் விளைவது. முக்கோணங்கள் கோடி கோடியாய் அடுக்கப்பட்ட பளிங்கில் எல்லா அணுக்களையும் ஒருங்கே நிறைவுசெய்யும் அமைப்பு ஒன்றுமே இல்லை; ஏறத்தாழ ஒத்த தகுதியுடைய அமைப்புகளோ எண்ணிறந்தன. 1950ஆம் ஆண்டில் வானியே என்னும் அறிஞர் இத்தகைய முக்கோண அமைப்பைக் கணித்து, எல்லையற்ற குளிரிலும் அது ஓர் ஒழுங்கிற்கு வாராது என்று காட்டினார்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. இரத்தினபுரியிலும் எலஹெரவிலும் மண்ணைக் கழுவி எடுத்துக் கண்டி நகர்க் கடைகளில் விற்கப்படும் கற்களுள் ஸ்பினெல் என்பது ஒன்று. அதன் கருநிற வகைக்கு இலங்கையின் பெயரால் சிலோனைட் என்றும், கண்டியின் பெயரால் கண்டைட் என்றும் பழைய கனிமநூலார் பெயரிட்டனர். மக்னீசியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது ஸ்பினெல். அதன் பளிங்கில் அலுமினிய அணுக்கள் நிற்கும் இடங்களை மட்டும் கோடிட்டு இணைத்தால், நான்கு முக்கோண முகங்களையுடைய நான்முகிகள் மூலைக்கு மூலை தொட்டு நிற்கும் ஒரு பெரும் பின்னல் தோன்றும். அலுமினியம் காந்த அணுவன்று. ஆதலால் மணிக்கல்லில் சண்டை இல்லை. அங்கே குரோமியம் சிறிது கலந்தால் கல் செந்நிறம் பெறுகின்றது. அலுமினியத்தின் இடம் முழுவதையும் குரோமியமே கைக்கொள்ளுமாயின், அழகிய அம்மணியின் உடன்பிறப்பாகிய அப்பொருள் தீராத இழுபறிக்கு உள்ளாகின்றது. ஒவ்வொரு நான்முகியிலும் நான்கு அணுக்காந்தங்கள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றற்கும் எதிரே நிற்க முற்படுகின்றது.

துத்தநாகமும் குரோமியமும் சேர்ந்த ஸ்பினெலை இதற்குச் சான்றாகக் கூறுவர். அதன் அணுக்காந்தங்களிடையே உள்ள விசையின் அளவை நோக்கின், ஏறத்தாழ 390 கெல்வினிலேயே, அஃதாவது கொதிநீரினும் மிகுந்த வெப்பநிலையிலேயே, அவை ஒழுங்குபட வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஏறத்தாழ 12.5 கெல்வின் வரை, அஃதாவது நீர் உறையும் நிலைக்குக் கீழே 260 பாகை அளவு குளிரும்வரை, அவை ஒரு முடிவிற்கு வாராமல் நிற்கின்றன. இறுதியில் முடிவு பிறப்பது எவ்வாறு? பளிங்கே தன் வடிவை மாற்றிக்கொள்கின்றது. எல்லாப் பக்கமும் ஒத்த கனசதுர ஒழுங்கு கெட்டு, ஒரு பக்கம் மற்றவற்றினின்று வேறுபடுகின்றது. அணுக்களுக்கிடையேயுள்ள தூரம் மாறினால் அவற்றிடையே உள்ள காந்த விசையும் மாறும். எல்லா விசைகளும் ஒத்திருந்தமையாலன்றோ தீர்ப்பு இயலாதிருந்தது? வடிவு சிறிது கோணவே சில விசைகள் வலுத்தும் சில மெலிந்தும் போகத் தீர்ப்பு இயல்கின்றது. வீட்டிலுள்ளோர் பிணக்குத் தீரச் சுவரை நகர்த்திக் கட்டியதற்கு இதனை ஒப்பிடலாம்.

இனி, வெளியிலிருந்து வலிய காந்தப்புலம் ஒன்று செலுத்தப்பட்டால் என்ன நிகழும்? காந்தப்புலத்தில் இரும்பு தன் நீளத்தில் மிகச் சிறிதளவு மாறும் என்பதை 1842ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜூல் கண்டறிந்தார். இதனை நாம் காதாலும் கேட்கலாம். மழை ஓய்ந்த இரவில் வீதியோரத்து மின்மாற்றியிலிருந்து எழும் இடையறாத முரலொலி, அதன் உள்ளிருக்கும் உருக்குத் தகடுகள் காந்தத்தால் நீண்டு சுருங்குதலாலேயே பெரிதும் எழுகின்றது. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது; ஒவ்வோர் அலைவிலும் தகடு இருமுறை மாறுதலால் நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலி பிறக்கின்றது. எனினும் இரும்பின் மாற்றம் எளிய மாற்றம். அதன் அணுக்காந்தங்கள் முன்னரே உடன்பட்டு நிற்பவை. புலம் அவற்றைத் திருப்பிவிடுகின்றது, அவ்வளவே. முடிவிற்கு வாராது நிற்கும் பொருளிலோ புலம் ஒரு நடுவராய் வந்து புகுகின்றது. கட்மியக் குரோமிய ஸ்பினெலில் ஏறத்தாழ 28 தெசலாப் புலத்தில், நான்முகிதோறும் மூன்று அணுக்காந்தங்கள் புலத்தின் பக்கமும் ஒன்று எதிர்ப்பக்கமுமாகத் திடீரென நின்றுவிடுகின்றன. பளிங்கின் வடிவும் அதனோடு மாறுகின்றது. அதன்பின் புலத்தை மேலும் கூட்டினாலும் நெடுந்தூரம்வரை அவ்வமைப்பு அசைவதில்லை. மலைப்பாதையில் ஏறுவார்க்கு இடையே சமநிலம் வருதல்போல, காந்தத்தின் வளர்ச்சி அங்கே ஒரு படியில் நிற்கின்றது.

இவ்வகையிற் புகழ்பெற்ற மற்றொரு பொருளின் வரலாறு நமக்குச் சிறப்பாக உரியது. 1981ஆம் ஆண்டில் இந்தியரான ஸ்ரீராம் சாஸ்திரியும் அமெரிக்கரான பில் சதர்லாந்தும் ஓர் அமைப்பைக் கணிதத்தால் மட்டும் கற்பனை செய்தனர். அணுக்காந்தங்கள் இவ்விரண்டாக இணைந்து நிற்கும். ஓர் இணை கிடையாகக் கிடந்தால் அடுத்தது நெடுக்காகக் கிடக்கும். தும்பறைப் பக்கத்தில் நெய்யப்படும் பாய்களையோ, நம் வீட்டு ஓலைப் பாய்களையோ கண்டவர்க்கு, குறுக்கும் நெடுக்குமாய் ஓலைகள் மாறிமாறி வரும் அப்பின்னல் எளிதில் மனத்திற் படும். இத்தகைய பொருள் உலகில் உண்டா என்பது அப்போது அவர்தம் வினாவன்று. 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர், தொரந்தியம், செம்பு, போரன், ஒட்சிசன் ஆகியவை சேர்ந்த ஒரு பளிங்கில் செப்பணுக்கள் அவ்வாறே அமைந்துள்ளன என்று காட்டினர். மனிதன் தாளில் வரைந்த கோலத்தை இயற்கை கல்லில் முன்னரே வரைந்திருந்தது!

அப்பளிங்கை 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் 100.75 தெசலாப் புலத்தில் வைத்து அளந்தனர். அது எத்துணைப் பெரிது என்பதற்கு ஓர் ஒப்பீடு: கண்டியில் திசைகாட்டியின் ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம், தெசலாவின் 25,000இல் ஒரு பங்கு அளவினதே. ஆகவே அப்புலம் இதனைப்போல் ஏறத்தாழ 25 இலட்சம் மடங்கு. அத்தகைய புலத்தை ஒரு நொடிகூட நிறுத்திவைத்தல் இயலாது. கண்ணிமைப் பொழுதிற்குள் எழுந்து மறைவது அது. அவ்விடைவெளிக்குள் ஒரு சிறு பளிங்கின் நீளம் எவ்வளவு மாறிற்று என்று அளக்க வேண்டும். மின்கருவிகள் அப்புலத்தின் அதிர்ச்சியிற் கலங்கிவிடும். ஆதலால் மயிர்போன்ற கண்ணாடி இழை ஒன்றைப் பளிங்கோடு ஒட்டி, இழைக்குள் நுண்ணிய வரிகளைப் பதித்து, அவ்வரிகள் திருப்பியனுப்பும் ஒளியின் நிறம் எவ்வளவு பிறழ்ந்தது என்று நோக்கினர். நீளத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு மாறினும் இம்முறை காட்டிக்கொடுக்கும்.

கண்டது யாது? புலம் ஒழுங்காக ஏறியது; பளிங்கோ ஒழுங்காக மாறவில்லை. சில புலங்களில் மட்டும் திடீர் திடீரென மாறியது. புலம் இல்லாதபோது ஒவ்வோர் இணையிலும் இரு செப்பணுக்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து காந்தமின்றி அடங்கியிருக்கின்றன. புலம் மிகுந்தோறும் சில இணைகள் பிரிந்து, இரண்டும் புலத்தின் பக்கம் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பிய இணையில் செம்பு, ஒட்சிசன், செம்பு என்னும் மூன்றற்கும் இடையேயுள்ள கோணம் சிறிது மாறுகின்றது. அதனால் பளிங்கின் அளவும் மாறுகின்றது. திரும்பிய இணைகள் எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று எனப் பாயில் இழையோடும் கரைபோல வரிசைப்பட்டு நிற்கும் இடங்களே படிகள். 73.6 தெசலாவில் கண்ட மாற்றத்தை, ஒருவரும் எதிர்பாராத ஐந்தில் இரண்டு என்னும் படி என்றும், 82 தெசலாவில் கண்டதை, நெடுநாள் எதிர்பார்க்கப்பட்ட சரிபாதிப் படி என்றும் ஆய்வாளர் முடிவு செய்தனர். அணுக்காந்தங்கள் தமக்குள் நிகழ்த்தும் வழக்கின் ஒவ்வொரு தீர்ப்பையும் பளிங்கின் நீளமே எழுதிக் காட்டுகின்றது. இக்காரணம் பற்றியே இவ்வாராய்ச்சியில் அறிஞர் இத்துணை ஊக்கங் கொள்கின்றனர்.

பொருள் இது. இனிச் சொல்லுக்கு வருவோம்.

ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் நேர் காணுபவர் ‘விரக்தி’ என்பர். விரக்தியுற்றவன் என்றால் நம் சமய வழக்கில் உலகப் பற்றைத் துறந்தவன் என்று பொருள். விரக்தியுற்ற காந்தம் என்று எழுதினால், இரும்பின்மேல் ஆசையற்றுத் துறவு பூண்ட காந்தம் என்றே ஒரு நல்ல மாணாக்கன் எண்ணுவான்! ‘ஏமாற்றம்’ என்பாரும் உளர். யார் யாரை ஏமாற்றினார்? ஒருவரும் இல்லை. ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பெயர்த்து அப்படியே எழுதுவோம் என்பது மூன்றாவது கட்சி. அவ்வாறு எழுதின், ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கேட்ட மாணாக்கனுக்கு எழும் அரைகுறைப் பொருளும் தமிழ் மாணாக்கனுக்கு எழாது.

நம் இலக்கணத்தின் கதவைத் தட்டிப் பார்ப்போம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று ஒன்று பேசப்படுகின்றது. உரையாசிரியர்கள் புலியையும் யானையையும் வைத்து அதனை விளக்குவர். நான் வேறோர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். ‘நாய் துரத்திய நரி’ என்னுந் தொடரில் துரத்தியது எது? நாயால் துரத்தப்பட்ட நரி என்றும் கொள்ளலாம். நாயைத் துரத்திய நரி என்றும் கொள்ளலாம். இரண்டும் இலக்கணத்திற்கு ஒக்கும். குற்றம் நாயிடமும் இல்லை, நரியிடமும் இல்லை. சொற்கள் நிற்கும் அமைப்பே இரு பொருளுக்கும் இடந்தருகின்றது. இதனைத் தீர்ப்பது எது? பின்வரும் சொல்லால் அறிவுடையோர் உணர்ந்துகொள்வர் என்பது இலக்கணத்தின் விடை. ‘நாய் துரத்திய நரி புதரில் ஒளிந்தது’ என்றவுடன் ஐயம் நீங்குகின்றது. ஒத்த தகுதியுடைய நிலைகளுக்கிடையே அமைப்பின் காரணமாகத் தீர்ப்பின்றி நிற்றலும், வெளியிலிருந்து வரும் ஒன்றால் தீர்ப்புப் பெறுதலும் ஆகிய இவ்விரண்டும் நாம் மேலே கண்ட காந்தத்தின் இயல்புகளல்லவா?

ஆகவே இப்பொருளைத் ‘தடுமாறு காந்தம்’ என்று வழங்கலாம் என்பது என் கருத்து. இது வினைத்தொகை. தடுமாறிய, தடுமாறுகின்ற, தடுமாறும் என முக்காலமும் அதனுள் அடங்கும். பொருளின் நீங்காத இயல்பைக் குறிக்க இதனினும் ஏற்ற தொகை வேறில்லை. வினைத்தொகையாதலால் இடையே வல்லெழுத்து மிகாது என்பதையும் மாணாக்கர் மனங்கொள்க. இயல்பைக் குறிக்கத் ‘தடுமாற்றம்’ என்பதும் எளிதிற் கிடைக்கின்றது.

வடிவ மாற்றத்திற்குச் சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. விசையால் ஒரு பொருள் நீளுதலையும் சுருங்குதலையும் இலங்கைப் பௌதிக நூல்கள் ‘விகாரம்’ என்றும் தமிழ்நாட்டு நூல்கள் ‘திரிபு’ என்றும் கூறுகின்றன. இரண்டும் இலக்கணம் ஈந்த சொற்களே. பொன்னும் குடமும் சேரும்போது பொற்குடம் ஆதல் விகாரம். அவ்விகாரத்துள் ஒருவகை திரிதல். யாப்பின் கட்டாயத்தால் செய்யுளில் சொற்கள் அடையும் மாற்றங்களுள் நீட்டல், குறுக்கல் என்பனவும் உண்டென நன்னூல் கூறும். புலத்தின் கட்டாயத்தால் பளிங்கு அடையும் மாற்றத்தைக் காந்த விகாரம் என்றும், அதன் இருவகையினைக் காந்த நீட்டல், காந்தக் குறுக்கல் என்றும் கூறினால் எந்த மாணாக்கனுக்கு விளங்காது?

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாதொழியின் என் கருத்துப் பிழைபட உணரப்படும். தொல்காப்பியர் அணுக்காந்தத்தை அறிந்திருந்தார் என்று யான் கூறவில்லை. எல்லாம் நம் முன்னோரிடம் இருந்தன என்று கூறி ஆய்வுகூடத்தின் பக்கமே செல்லாதிருக்கும் சோம்பலை யான் வெறுக்கின்றேன். அது மொழிப்பற்றன்று, மொழிக்குச் செய்யும் தீங்கு. இலக்கணத்துத் தடுமாற்றம் கேட்போன் உள்ளத்தில் நிகழ்வது. பளிங்கின் தடுமாற்றம் பொருளிலேயே நிகழ்வது. முன்னதில் இரண்டே பொருள்கள். பின்னதில் எண்ணிறந்த நிலைகள். உவமை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துக் காட்டிய பின்னரே சொல்லைக் கடன்வாங்க வேண்டும். முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது அறிவியலன்று. நுண்ணிய வேறுபாடுகளைப் பெயரிட்டுப் பிரிக்கும் பழக்கம். அப்பழக்கமே இன்று நமக்கு வேண்டும் முதல்.

பிறமொழியிற் பயிலும் உயர்கல்விக்குத் தமிழ்ச் சொல் எதற்கு என்று வினவுவோரும் உளர். பேராதனையில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது, உண்மை. ஆனால் அவ்விருக்கையை அடையும்வரை மலையகத்துப் பிள்ளைகளும் கண்டி நகரத்துப் பிள்ளைகளும் உயர்தர வகுப்பில் பௌதிகத்தைத் தமிழிலேயே கற்கின்றனர். காந்தப்புலம், இலத்திரன், விகாரம் என்று நன்கு பயின்ற பிள்ளை, பல்கலைக்கழக வாயிலில் தன் மொழி நின்றுவிடக் காண்கின்றது. அதன் பின்னர் அறிவு வேறு, தாய்மொழி வேறு என்று எண்ணத் தொடங்குகின்றது. அப்பிள்ளை பின்னாளில் ஆசிரியராகிக் கிராமப் பள்ளிக்கு வரும்போது, தான் கற்ற புதியவற்றைச் சொல்ல வாயின்றி, தன் ஆசிரியர் சொன்ன பழையவற்றையே திருப்பிச் சொல்கின்றது. ஒரு தலைமுறையின் அறிவு அடுத்த தலைமுறைக்கு இறங்காமல் நடுவே தங்கிவிடுகின்றது. இதுவே எனக்கு அச்சந் தருகின்றது.

இதனைத் தீர்க்க வல்லார் நம்மிடையே தோன்றாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வாழ்ந்த மருத்துவர் கிறீன், அமெரிக்கராயிருந்தும் மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், பளிங்குகள் திசைக்குத் திசை காந்தத்திற்கு வேறுவேறாக இணங்குதலை நுட்பமாக அளந்து உலகப் புகழ் பெற்றதோடு, அறிவியலைத் தமிழிலும் எழுதிக் காட்டினார். நம் விபுலானந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராயும் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டதாரியாயும் விளங்கியவர்; 1936ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர்; 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். ஆய்வுகூடமும் ஏட்டுச்சுவடியும் ஒருவரிடத்தே கூடியிருந்தன. இன்று அவை இரு வேறு ஊர்களில் வாழ்கின்றன.

ஒருவரிடத்தே கூடாவிடினும் ஒரு மேசையிற் கூடலாமே? கண்டிக்கு அதற்குரிய வாய்ப்பு மிகுதி. ஒருபுறம் பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே பௌதிகத் துறையும் தமிழ்த் துறையும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. மறுபுறம் ஹந்தானை மலைச்சாரலில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம். நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் பலர். திங்கள் ஒருமுறை அறிவியலார் ஒருவர் ஒரு புதுப்பொருளை விளக்கட்டும், தமிழாசிரியர் கேட்கட்டும், விளங்காதவிடத்து நாணாது வினவட்டும். முழுதும் விளங்கிய பின்னரே சொல் பற்றிப் பேசட்டும். பொருள் விளங்காமல் சொல் ஆக்கும் பண்டிதரும், சொல்லைப் பற்றிக் கவலையின்றிப் பொருள் கூறும் அறிவியலாரும் ஒருசேர மாணாக்கனைக் கைவிடுகின்றனர். அவ்வாறு பிறக்கும் சொற்களைத் தமிழ்நாட்டாரோடும் ஒப்புநோக்க வேண்டும். ஒட்சிசனும் ஆக்சிஜனும் போல ஒரே பொருளுக்கு இரு கரைகளிலும் இரு பெயர் வழங்கும் நிலை இனிப் பிறக்கும் சொற்களுக்கேனும் வேண்டா.

‘தடுமாறு காந்தம்’ என்னும் என் சொல் நிலைக்குமா என்பது பெரிதன்று. இதனினும் சிறந்த சொல்லை ஓர் இளைஞர் தருவாராயின் இதனை யான் மகிழ்ந்து கைவிடுவேன். ஆனால் அவர் அப்பளிங்கின் இயல்பை என்னிலும் நன்கு உணர்ந்து தருதல் வேண்டும். அதுவே நான் விதிக்கும் ஒரே நிபந்தனை. அறிவியலும் தமிழும் தத்தம் திசையையே நோக்கி நிற்குமட்டும் இடையில் நிற்கும் மாணாக்கனுக்குத் தீர்ப்பில்லை. இரண்டனுள் ஒன்றேனும் தன் வடிவைச் சிறிது மாற்றிக்கொள்ள முன்வருதல் வேண்டும். கல்லே அதற்கு உடன்படுகின்றதென்றால், கற்றோர் உடன்படலாகாதா?